ஸ்டிக் ட்ரிஃப்ட்: கை வைக்காமலே ஆள் நடப்பது எப்படி?

போன மாதம் பெரம்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். இருப்பது ஒரே ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர், அதை வாங்க இரண்டு வருடப் பொங்கல் காசைச் சேர்த்து வைத்திருந்தான். "அண்ணா, ஜாய்ஸ்டிக் போயிடுச்சு. நான் தொடவே இல்ல, ஆளு தானா லெஃப்ட்ல போறான்" என்றான். கடையில் காட்டியிருக்கிறான், தூசி என்று சொல்லி ஸ்ப்ரே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. கூடப் படிக்கும் பையன் கேலிபரேட் பண்ணச் சொல்கிறான். இன்னொருவன் ஹால் எஃபெக்ட் என்ற வகைக் கன்ட்ரோலர் வாங்கினால் ஜென்மத்துக்கும் இந்தப் பிரச்சினை வராது என்கிறான்.

மூன்று பேர் சொன்னதும் ஏதோ ஓரிடத்தில் சரிதான். ஆனால் அந்த இடம் எது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ட்ரிஃப்ட் என்பது காய்ச்சல் மாதிரியான ஒரு சொல். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று போனால் வைரலா, டெங்குவா, டைஃபாய்டா என்று பார்த்துத்தான் மருந்து தருவார்கள். கன்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் பார்க்காமலே மருந்து கொடுக்கிறோம். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்கவே வேண்டாம்.

தராசில் ஒன்றும் வைக்கவில்லை, ஆனாலும் 20 கிராம்

காய்கறிக் கடையில் எலெக்ட்ரானிக் தராசைப் பார்த்திருப்பீர்கள். தட்டு காலியாக இருக்கும்போதே சில நேரம் 20 கிராம் காட்டும். கடைக்காரர் ஒரு பட்டனை அழுத்துவார், பூஜ்யம் ஆகிவிடும். அந்தப் பட்டன் தராசை ரிப்பேர் செய்யவில்லை. 'இப்போது இருக்கும் இந்த நிலையைத்தான் இனி பூஜ்யம் என்று வைத்துக்கொள்' என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

அனலாக் ஸ்டிக்கும் இப்படித்தான். அனலாக் ஸ்டிக் என்றால் கட்டைவிரலால் எந்தப் பக்கமும் எவ்வளவு வேண்டுமானாலும் சாய்க்கக்கூடிய அந்தக் குமிழ். சாதாரண பட்டனுக்கு அழுத்தினேன், அழுத்தவில்லை என்ற இரண்டு நிலைதான். ஸ்டிக்குக்கோ கொஞ்சம், பாதி, முழுசு என்று நடுவே நிறைய நிலைகள் உண்டு, மெல்ல நடப்பதும் ஓடுவதும் அதனால்தான் ஒரே ஸ்டிக்கில் முடிகிறது. ஆக, ஸ்டிக் தன் நிலையை ஓர் எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களில் அந்த எண் 0 முதல் 255 வரை. இடது கோடி 0, வலது கோடி 255, நடு என்றால் 128 வாக்கில். மேலே கீழே சாய்ப்பதற்கு இதேபோல் இன்னோர் எண்.

கை வைக்காதபோது 128 வர வேண்டிய இடத்தில் 110 வந்தால், நீங்கள் லேசாக இடது பக்கம் தள்ளுவதாகத்தான் கேம் நினைக்கும். விரல் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது, வரும் எண்ணை மட்டும்தான் அது பார்க்கிறது. வெளியில் நாம் ட்ரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான்.

உள்ளே ஒரு சரிவுப் பாதை

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது?

அபார்ட்மென்ட் வாசலில் ஸ்கூட்டர் ஏற்றச் சரிவாகச் சிமென்ட் பாதை போட்டிருப்பார்கள். அடிமுனை தரைமட்டம், மேல்முனை மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணைக் கட்டி அந்தப் பாதையில் எங்கோ நிறுத்திவிட்டு, 'தரையிலிருந்து ஒன்றரையடி உயரத்தில் நிற்கிறாய்' என்று மட்டும் சொன்னால் போதும், நட்டநடுவில் நிற்கிறோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உயரம் தெரிந்தால் இடம் தெரிகிறது.

ஸ்டிக்கின் அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிதாக ஒரு பெட்டி இருக்கும். இதைத்தான் ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் மாட்யூல் என்று கேட்டு வாங்குகிறோம். அதன் இரண்டு பக்கங்களிலும் ஆளுக்கொன்றாகக் கருப்பான கார்பன் தடம் உண்டு, ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. தடத்தின் ஒரு முனையில் மின்னழுத்தம் பூஜ்யம், மறு முனையில் சில வோல்ட், நடுவில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். இதுதான் நம் சரிவுப் பாதை, உயரத்துக்குப் பதில் மின்னழுத்தம். அந்தத் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும், ஸ்டிக்கைச் சாய்த்தால் அது நகரும். அது நிற்கும் இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து கன்ட்ரோலர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. நாக்குக்குப் பெயர் வைப்பர், தடமும் வைப்பரும் சேர்ந்த அமைப்புக்குப் பெயர் பொட்டன்ஷியோமீட்டர்.

பெயர்தான் பெரிது, பொருள் நம் வீட்டில் எப்போதோ இருந்ததுதான். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் இதே பொட்டன்ஷியோமீட்டர். வருடங்கள் போகப் போக அதைத் திருகினால் கரகரவென்று சத்தம் வரும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் சத்தமே நின்றுபோகும், கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் மறுபடி வரும். அந்தக் கரகரப்பும் உங்கள் ஆட்டக்காரன் தானாக நடப்பதும் ஒரே வியாதி. ரேடியோவில் அது காதுக்குக் கேட்டது, இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு பென்சிலால் காகிதத்தில் அழுத்தித் தடிமனாகக் கோடு போடுங்கள், அந்தக் கருப்பும் கார்பன்தான். அதன் ஒரே இடத்தில் நகத்தால் ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கோடு அங்கே வெளுக்கும், தேய்ந்த தூள் சுற்றிலும் அப்பும். மாட்யூலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. நாம் விளையாடும்போது பெரும்பாலும் நடுவைச் சுற்றித்தான் சின்னச் சின்னதாக அசைக்கிறோம், அதனால் நடுப்பகுதிக்குத்தான் அதிகத் தேய்மானம். கை எடுத்ததும் வைப்பர் வந்து நிற்பதும் அதே நடுவில்தான்.

பல நிறுவனங்களின் கன்ட்ரோலர்களுக்கும் மாட்யூல் செய்யும் ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம், இந்த வகைப் பொட்டன்ஷியோமீட்டரின் ஆயுளை 20 லட்சம் சுற்று என்று போட்டிருக்கிறது. கேட்க ஆயுசு முழுக்க வரும் போலத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விறுவிறுப்பான ஆட்டத்தில் நிமிடத்துக்கு 100 முறை ஸ்டிக் அசைகிறது என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 6,000, அப்படியானால் 20 லட்சம் என்பது 333 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஆறு மாதம்கூட இல்லை. எல்லா அசைவும் முழுச் சுற்று ஆகாது, அதனால் நிஜத்தில் இதைவிட நிறைய நாள் வரும். ஆனாலும் 'நான் பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்' என்று வருத்தப்படும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும், தப்பு அவர்கள் மேல் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், ஸ்டிக் அனுப்புவது ஓர் எண், அந்த எண் ஒரு கார்பன் தடத்தில் உரசும் வைப்பரிலிருந்து வருகிறது, உரசுவதெல்லாம் தேயும்.

நடு எது என்று யார் சொன்னது?

ஸ்டிக்குக்கு இதுதான் நடு என்று தானாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் கேலிபரேஷன் ஏன் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குச் செய்யவில்லை என்பது கடைசிவரை புரியாது.

நிண்டெண்டோவின் பழைய கேம்க்யூபில், ஆன் செய்யும் நேரத்தில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். விரலால் சாய்த்துப் பிடித்தபடி ஆன் செய்தால், புத்தம்புது கன்ட்ரோலரில்கூட ஆள் தானாக நடப்பான். எக்ஸ், ஒய், ஸ்டார்ட் மூன்றையும் 3 விநாடி சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும். தராசின் பூஜ்யப் பட்டன் மாதிரியே. இப்போதைய பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் தொழிற்சாலையிலேயே நடுவை அளந்து அதன் நினைவகத்தில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இப்படி 'எந்த அளவு நடு, எந்த அளவு கோடி' என்று எழுதி வைப்பதற்குப் பெயர்தான் கேலிபரேஷன்.

நடுவை எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் ஸ்டிக் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே இடத்துக்குத் திரும்பாது, ஸ்ப்ரிங்கும் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அதனால் டெட்சோன் என்று ஒன்றை வைக்கிறார்கள். சைக்கிள் பிரேக்கை லேசாகத் தொட்டதும் வண்டி நிற்காது, கொஞ்ச தூரம் வெறுமனே அழுந்தி அப்புறம்தான் பிடிக்கும். அந்த வெறும் தூரம்தான் டெட்சோன், நடுவைச் சுற்றி இந்த வட்டத்துக்குள் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்ற ஏற்பாடு. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலர்களுக்குக் கேம் எழுதுபவர்களிடம் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த டெட்சோன், 32,767 வரை போகும் அளவில் இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689. கிட்டத்தட்ட கால் பங்கு!

இதிலிருந்து இன்னொன்றும் புரிகிறது. ஒரே கன்ட்ரோலர் கிரிக்கெட் கேமில் நன்றாக இருந்து, துப்பாக்கி கேமில் மட்டும் ட்ரிஃப்ட் காட்டினால் கன்ட்ரோலருக்கு மூடு மாறவில்லை, இரண்டு கேமும் வேறு வேறு டெட்சோன் வைத்திருக்கின்றன.

ஒரே பெயர், மூன்று கோளாறு

முதலாவது, நடு நகர்ந்துவிட்டது. கை எடுத்தால் எண் அசையாமல் நிற்கிறது, ஆனால் தப்பான இடத்தில் நிற்கிறது. எப்போது பார்த்தாலும் அதே 118.

இரண்டாவது, ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது. இடது பக்கமிருந்து விட்டால் ஓர் இடத்தில் நிற்கிறது, வலது பக்கமிருந்து விட்டால் வேறோர் இடத்தில் நிற்கிறது. பழைய கதவு தானாக முழுசாகச் சாத்திக்கொள்ளாமல் நாலு விரற்கடை திறந்தே நிற்குமே, அது மாதிரி.

மூன்றாவது, தடமோ வைப்பரோ கெட்டுவிட்டது, தேய்ந்து போயிருக்கலாம், அழுக்காகவும் இருக்கலாம். கை வைக்காதபோதே எண் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருக்கும், அல்லது மெதுவாகச் சாய்க்கும்போது நடுவே திடீரென்று எகிறிக் குதிக்கும்.

ட்ரிஃப்டே இல்லாத சிலதையும் ட்ரிஃப்ட் கணக்கில் சேர்க்கிறோம். ஸ்டிக்கைக் கோடிக்குத் தள்ளிச் சட்டென்று விட்டால் ஸ்ப்ரிங் வேகத்தில் நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு கணம் போய் வரும், ஆள் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பான். அது துள்ளல், தேய்மானம் இல்லை. துப்பாக்கி கேம்களில் எதிரி பக்கத்தில் வந்ததும் குறி தானாக அவன் பக்கம் இழுத்தால் அது எய்ம் அசிஸ்ட், கேமே செய்யும் உதவி. ஸ்டிக்கின் காம்பைச் சுற்றி வெள்ளைத் தூள் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், காம்பும் ஓட்டின் விளிம்பும் உரசி வந்த பிளாஸ்டிக் தூள்தான், துடைத்தால் போதும்.

எண்ணைப் பாருங்கள், அப்புறம் பேசலாம்

காசு செலவழிக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, பிரவுசரிலேயே ஓடும் கேம்பேட் டெஸ்டர் ஏதாவது ஒன்றைத் திறந்தால் ஸ்டிக்கின் எண்கள் −1 முதல் 1 வரை ஓடும், நடு என்றால் 0. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் 0.00392 என்று நின்றால் பதற வேண்டாம். 0 முதல் 255 வரை இருப்பதில் சரிபாதி 127.5, அப்படி ஓர் எண் கிடையாது, 128 வருகிறது, அதைக் கணக்கிட்டால் 0.00392. அதாவது நன்றாக இருக்கிறது.

முதலில் தொடாமல் அரை நிமிடம் பாருங்கள், துடிக்கிறதா? அப்புறம் இடது கோடிக்குத் தள்ளி மெதுவாக விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்தும் அப்படியே. ஒவ்வொன்றையும் நாலைந்து முறை செய்யுங்கள். கடைசியாக மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டு போய், எண் சீராக ஏறுகிறதா, எங்காவது தாவுகிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன மூன்றில் எது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

எதற்கு எது மருந்து

நடு மட்டும் நகர்ந்திருந்தால் கேலிபரேஷன் போதும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4, 5 கன்ட்ரோலர்களுக்குப் பிரவுசர் வழியாக நடுவை மாற்றி எழுதும் கருவிகள் வந்துவிட்டன. விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குள் இருக்கும் பழைய கேலிபரேஷனில் மணிக்கணக்காக உட்காராதீர்கள், எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரை எதிர்பார்க்கும் இப்போதைய கேம்கள் பெரும்பாலும் அதைச் சட்டை செய்வதில்லை.

ஸ்ப்ரிங் தளர்ந்ததற்குக் கேலிபரேஷன் உதவாது, ஒரு பக்கத்துக்குச் சரி செய்தால் மறு பக்கம் கெடும். டெட்சோனைக் கொஞ்சம் கூட்டலாம், கணினியில் கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் செயலியிலும் பல கேம்களிலும் அந்த வசதி உண்டு. டெஸ்டரில் கண்ட மிகப் பெரிய விலகல் 0.08 என்றால் டெட்சோனை 10 சதவீதத்தில் வையுங்கள். ஒரேயடியாக 30 வைத்தால் ட்ரிஃப்ட் போய்விடும்தான், ஆனால் தலையை லேசாகத் திருப்பக்கூட முடியாது, மெல்லிய அசைவையெல்லாம் அது விழுங்கிவிடும்.

தடம் துடிப்பதற்குத்தான் சுத்தம் செய்வது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99 சதவீதம் இருந்தால் நல்லது, அல்லது எலெக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனர். இரண்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, ஸ்டிக்கைச் சாய்த்து இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு, அப்புறம் இருபது முப்பது முறை நாலு பக்கமும் சுற்றி, முழுசாகக் காயவிட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்ப்ரே மூன்றும் கூடாது. எண்ணெய்ப் படலம் தங்கித் தூளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்வதால் அழுக்குதான் போகும், தேய்ந்த கார்பன் திரும்பி வராது. சித்தி மகன் கன்ட்ரோலர் இரண்டே நாள் நன்றாக இருந்ததற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்ப்ரே தூளைத் தள்ளிவிட்டது, கொஞ்சம் ஆடியதும் மறுபடி சேர்ந்துவிட்டது. இரண்டு முறை சுத்தம் செய்தும் துடிப்பு நிற்கவில்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம், மாட்யூலை மாற்ற வேண்டியதுதான். சால்டரிங் வேலை, பத்துக்கும் மேற்பட்ட முனைகளை எடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டும், பழகாதவர்கள் முதல்முறையே தங்கள் கன்ட்ரோலரில் முயல வேண்டாம், தெரிந்தவர்களிடம் கொடுங்கள். வாரன்டி இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள், பில்லைத் தேடுங்கள். 2023 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் மாட்யூலைக் கையாலேயே கழற்றி மாற்றலாம், எல்லாக் கன்ட்ரோலரும் இப்படி வந்திருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

சுருக்கமாக, நிலையாகத் தப்பான எண் என்றால் கேலிபரேஷன், பக்கத்துக்குப் பக்கம் மாறினால் டெட்சோன், துடித்தால் சுத்தம், அதுவும் நிற்காவிட்டால் மாற்றம்.

ஹால் எஃபெக்ட் வாங்கினால் தீர்ந்ததா?

1879இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர், மின்சாரம் ஓடும் தகட்டின் மேல் காந்தப்புலம் பட்டால் அதன் குறுக்கே ஒரு சிறிய மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டுபிடித்தார். அதை வைத்துச் செய்வதுதான் ஹால் சென்சார். ஸ்டிக்கோடு ஒரு காந்தம் அசையும், சற்றுத் தள்ளி இருக்கும் சென்சார் காந்தம் எவ்வளவு திரும்பியது என்று உணரும். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை, அதனால் உரசித் தேயும் தடமும் இல்லை. டிஎம்ஆர் என்று இப்போது விற்பதும் காந்தத்தை உணரும் வகைதான், மின்சாரம் இன்னும் குறைவாக எடுக்கும்.

இது புதுசும் இல்லை. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே ஹால் சென்சார் ஸ்டிக் இருந்தது. ஆனால் 2017இல் வந்த ஸ்விட்சின் ஜாய்-கான் கன்ட்ரோலரில் கார்பன் தடம்தான், அமெரிக்காவில் 2019இல் வழக்கு வரை போய், 2020 ஜூனில் நிண்டெண்டோ தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவிக்கும் அளவுக்கு ட்ரிஃப்ட் பெரிய விஷயமாயிற்று. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் ஜாய்-கானிலும் ஹால் சென்சார் இல்லை.

ஹால் எஃபெக்ட் தீர்ப்பது மூன்றாவது கோளாறை. நடு நகர்வதும் ஸ்ப்ரிங் தளர்வதும் அதிலும் வரலாம், ஸ்ப்ரிங் அங்கேயும் ஸ்ப்ரிங்தானே. பழைய கன்ட்ரோலரில் ஹால் மாட்யூல் வைத்துப் பற்றவைத்தால் கட்டாயம் கேலிபரேட் செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் கொடுத்துவிட்டால் புது மாட்யூலும் முதல் நாளே இழுக்கும். புதிதாக வாங்குபவர்கள் இரண்டு கன்ட்ரோலர் ஒரே விலையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹாலோ டிஎம்ஆரோ எடுக்கலாம். நன்றாக இருக்கும் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்க வேண்டியதில்லை.

சித்தி மகனுடையதைச் சோதித்தோம். இடது ஸ்டிக் கை வைக்காமலே −0.05க்கும் −0.19க்கும் இடையே துடித்தது, மெதுவாகச் சாய்த்தால் நடுவுக்குப் பக்கத்தில் ஒரு தாவல், எந்தச் சந்தேகமும் இல்லை, தடம் தேய்ந்துவிட்டது. "அப்போ கேலிபரேட் பண்ணா வராதாண்ணா?" என்று இன்னொரு முறை கேட்டான். துடித்துக்கொண்டிருக்கும் எண்ணில் எதை நடு என்று எழுதுவது என்று திருப்பிக் கேட்டேன், திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் "ஆமால்ல" என்றான். அடுத்த சனிக்கிழமை இருவருமாக ரிச்சி ஸ்ட்ரீட் போய் மாட்யூலை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தோம். கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து இணைத்துப் பார்த்தான். 0.00392.